பிள்ளையை ஒப்படைத்தீர்கள், பொறுப்பை யாரிடம் ஒப்படைத்தீர்கள்?

இனயத்துச் சகோதரர்களே! தேங்காப்பட்டணம், குளச்சல், திருவிதாங்கோடு, தக்கலை, கோட்டாறு என்று குமரி மாவட்டமெங்கும் கடை நடத்தும் வியாபாரப் பெருமக்களே! சமுதாயத்தின் துடிப்பான இளைஞர்களே! உங்களிடம் ஒரு கேள்வி.

ரமளான் பிறந்துவிட்டால் உங்கள் கல்லாப்பெட்டிக்கு முன்னால் ரசீதுப் புத்தகங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அநாதை நிலையம் என்கிறார்கள், கொடுக்கிறீர்கள். ஏழைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி என்கிறார்கள், கொடுக்கிறீர்கள். ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் குர்பானித் தோலையும் கொடுத்து அனுப்புகிறீர்கள். அல்லாஹ் உங்கள் கொடையை ஏற்றுக்கொள்வானாக! ஆனால் அந்த ரசீதைக் கிழித்துத் தந்தவரிடம், "இரவு பத்து மணிக்கு மேல் அந்தப் பிள்ளைகளோடு யார் இருக்கிறார்? அவர் யார், எந்த ஊர், அவரைப் பற்றி யாரிடம் விசாரித்தீர்கள்?" என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

கடையில் சரக்கு எடுத்துக் கொடுக்க ஒரு பையனைச் சேர்ப்பதென்றால் எத்தனை பேரிடம் விசாரிக்கிறீர்கள்! வாப்பா யார், முன்னால் எங்கே வேலை பார்த்தான், ஏன் அங்கிருந்து வந்தான் என்று துருவித் துருவிக் கேட்கிறீர்கள். இரவு கடை சாத்தும்போது பூட்டை ஒன்றுக்கு இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறீர்கள். ஒரு மூட்டை அரிசிக்குக் கிடைக்கிற காவல், வாப்பா இல்லாத ஒரு பிள்ளைக்குக் கிடைக்கிறதா? இதைக் கேட்டால் நமக்குக் கோபம் வரக் கூடாது. வெட்கம்தான் வர வேண்டும்.

கட்டடம் பிள்ளைகளைக் காப்பதில்லை. வாசலில் மாட்டிய பெயர்ப் பலகை காப்பதில்லை. நிர்வாகியின் தாடியும் தொப்பியும், பாதிரியாரின் அங்கியும், சாமியாரின் காவியும், அரசாங்கத்தின் முத்திரையும் காப்பதில்லை. தன் கடமை என்னவென்று தெரிந்த ஊழியரும், "கடமையைச் செய்தாயா?" என்று அவரைக் கேட்கிற சமுதாயமும்தான் காக்க முடியும். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

நம் மாவட்டத்தில் நடந்தது நினைவிருக்கிறதா?

2010ஆம் ஆண்டின் தொடக்கம். இதே கன்னியாகுமரி மாவட்டத்தில், முறையான அனுமதி இல்லாமல் நடந்துகொண்டிருந்த ஒரு இல்லத்திலிருந்து 76 பிள்ளைகள் மீட்கப்பட்டார்கள். எல்லோரும் மணிப்பூரையும் அஸ்ஸாமையும் சேர்ந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண் பிள்ளைகள். "நல்ல படிப்பு தருகிறோம்" என்ற ஒரே ஒரு வாக்குறுதியை நம்பி, நாட்டின் வடகிழக்கு மூலையிலிருந்து தென்கோடிக்குப் பெற்றோர் அனுப்பிய பிள்ளைகள் அவர்கள். மொழி தெரியாது. ஊர் தெரியாது. அடித்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்றும் தெரியாது.

இந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010 செப்டம்பர் 1ஆம் தேதி, 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையும் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளையும் படிப்புக்கென்று வெளி மாநிலங்களுக்கு அனுப்பக் கூடாது என்று மணிப்பூர், அஸ்ஸாம் அரசுகளுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் மாவட்டத்தின் பெயர் டெல்லி வரை எட்டிய அழகு இதுதான்!

அந்த வழக்கின் பெயரைக் கேளுங்கள். "தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது குறித்து" என்பதே வழக்கின் தலைப்பு! மாமல்லபுரம் பகுதி அநாதை இல்லங்களைப் பற்றி 2007இல் வந்த ஒரு பத்திரிகைச் செய்தியிலிருந்து தொடங்கிய வழக்கு அது. 10 ஆண்டுகள் கழித்து, 2017 மே 5ஆம் தேதி நீதிபதிகள் மதன் லோகுர், தீபக் குப்தா அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. நாட்டிலுள்ள அத்தனை குழந்தைகள் இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யப்பட வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும், இல்லங்களில் சமூகத் தணிக்கை நடக்க வேண்டும் என்றது தீர்ப்பு.

தணிக்கை நடந்தது. 2018 ஆகஸ்டில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் உச்ச நீதிமன்றத்தில் கணக்கு வைத்தது. பார்வையிடப்பட்ட 2,874 குழந்தைகள் இல்லங்களில், "சரியாக இருக்கிறது" என்று பெயர் வாங்கியவை 54. ஐம்பத்து நான்கே நான்கு! நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. மார்க்கத்தின் பெயரால் நடப்பது, மதத்தின் பெயரால் நடப்பது, சேவையின் பெயரால் நடப்பது என்று எல்லாம் சேர்ந்துதான் இந்தக் கணக்கு.

யார் நடத்தினால் என்ன?

"தனியார் நடத்தினால் இப்படித்தான் இருக்கும், அரசாங்கம் நடத்தினால் சரியாகிவிடும்" என்று சிலர் சொல்கிறார்கள். செங்கல்பட்டைப் பாருங்கள்.

2022 டிசம்பர் கடைசி. தாம்பரத்தைச் சேர்ந்த 17 வயது ஏழைப் பையன் ஒருவன், பேட்டரி திருடியதாக ரயில்வே போலீஸாரால் பிடிக்கப்பட்டு, செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் அடைக்கப்பட்டான். இரண்டே நாட்களில், டிசம்பர் 31ஆம் தேதி, பிணமானான். மகனுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் தாய்க்கு முதலில் சொல்லப்பட்டது. பிரேதப் பரிசோதனை வேறு கதை சொன்னது. உடம்பெங்கும் காயங்கள்! 2023 ஜனவரியில் அந்த இல்லத்தின் கண்காணிப்பாளர் உட்பட ஊழியர்கள் 6 பேர் கைது செய்யப்பட்டார்கள். பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்து, இந்த இல்லங்களைச் சீர்திருத்த வழி கேட்டது தமிழக அரசு. அவரும் அறிக்கை கொடுத்தார்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பையனைத் தெருவில் ரவுடிகள் கொல்லவில்லை. அவனைக் காப்பதற்காகவே மாதச் சம்பளம் வாங்கியவர்கள் மீதுதான் கொலைப் பழி. ஆறு பேரில் ஒருவர் தடுத்திருந்தால்? அங்கே பணியில் இருந்த ஒருவராவது போனை எடுத்துப் போலீஸுக்குச் சொல்லியிருந்தால்?

திருப்பூரைப் பாருங்கள். 2022 அக்டோபரில், திருமுருகன்பூண்டியில் ஒரு அறக்கட்டளை நடத்திய சிறுவர் இல்லத்தில் கெட்டுப்போன சாப்பாட்டால் 3 சிறுவர்கள் இறந்தார்கள். 11 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அரசு அந்த இல்லத்தை மூடியது. மூடினால் போன உயிர் வருமா?

பொள்ளாச்சியைப் பாருங்கள். 2014 ஜூனில், ஒரு தனியார் விடுதியில் தங்கிப் படித்த இரண்டு சிறுமிகள் இரவில் வெளியே கொண்டு செல்லப்பட்டுச் சீரழிக்கப்பட்டார்கள். விடுதியில் பிள்ளைகள் இருந்தார்கள், காவல் இல்லை. அதன் பிறகுதான் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்த தமிழ்நாடு சட்டமன்றம் 2014இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. கலெக்டரிடம் உரிமம் வாங்காமல் விடுதி நடத்தக் கூடாது என்றது அந்தச் சட்டம்.

ஒன்று அரசாங்கம். ஒன்று ஒரு மதத்தார். மற்றொன்று இன்னொரு மதத்தார். "பார்த்தீர்களா, நம்மவர்கள் யாரும் இல்லை!" என்று நிம்மதிப் பெருமூச்சு விடப் பார்க்கிறீர்களா? பொறுங்கள்.

ஏர்வாடியை மறக்க முடியுமா?

2001 ஆகஸ்ட் 6. நம் மக்கள் நம்பிக்கையோடு தேடிப் போகிற ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்த ஒரு தனியார் இல்லத்தில் விடியற்காலையில் தீப்பிடித்தது. 28 பேர் கருகிப் போனார்கள். ஓடித் தப்பிக்க அவர்களுக்கு முடியவில்லை. ஏன்? சங்கிலியால் கட்டிப் போடப்பட்டிருந்தார்கள்!

அவர்கள் பிள்ளைகள் அல்ல, வளர்ந்தவர்கள்தான். ஆனால் ஒரு வகையில் இருவரும் ஒன்று. தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாத ஒருவரை, காப்பதாகச் சொன்ன இன்னொருவர் கையில் குடும்பம் ஒப்படைத்திருந்தது. பூட்டு இருந்தது, சாவி வைத்திருந்தவர் பக்கத்தில் இல்லை. இரவுப் பணி யாருக்கு? தீப்பிடித்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன? யாரும் எழுதி வைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. உறவினர்கள் பணம் கட்டினார்கள், தர்மவான்கள் சோறு போட்டார்கள், அதிகாரிகள் அந்த வழியாகத்தான் போய் வந்தார்கள். எல்லோர் கண் முன்னாலும்தான் அந்தச் சங்கிலி கிடந்தது!

28 ஜனாஸாக்களுக்குப் பிறகுதான் அந்த ஊரிலிருந்த அப்படிப்பட்ட இல்லங்கள் இழுத்து மூடப்பட்டன. உயிர் போன பிறகு மட்டும் விழிக்கிற பழக்கத்தை நாம் இன்னும் எத்தனை காலம் வைத்திருக்கப் போகிறோம்?

ஊழியரின் கடமை எது?

"நல்ல மனுசரைத்தான் வேலைக்கு வைத்திருக்கிறோம்" என்பார்கள் நிர்வாகிகள். நல்ல மனுசர் என்பது ஒரு தகுதி. அதுவே காவல் ஆகிவிடாது. சட்டம் என்ன கேட்கிறது என்று நீங்களே தெரிந்துகொள்ளுங்கள். 18 வயது நிறையாத அத்தனை பேரும் சட்டத்தின் பார்வையில் குழந்தைகள்தான். மீசை அரும்பிய 17 வயது இளைஞனும் இதில் அடக்கம்.

முதலாவது, பதிவு. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் பிள்ளைகளைத் தங்கவைக்கும் ஒவ்வொரு இல்லமும் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. அரசிடம் மானியம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதே விதிதான். பதிவு செய்யாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும்.

இரண்டாவது, ஆளைப் பற்றிய விசாரணை. போக்சோ விதிகள் 2020, பிள்ளைகள் தங்கும் எந்த நிறுவனமும் தன் ஊழியர் ஒவ்வொருவரைப் பற்றியும் போலீஸ் சரிபார்ப்பு செய்ய வேண்டும் என்கிறது. அதையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை செய்துகொண்டே இருக்க வேண்டும். நிரந்தர ஊழியர், தற்காலிக ஊழியர், பாடம் நடத்துபவர், நடத்தாதவர் என்ற வேறுபாடு இல்லை. சமையல்காரரும் காவலாளியும் இதில் சேர்த்திதான். "ஹஜ்ரத்தின் சிபாரிசு" என்பது போலீஸ் சரிபார்ப்பு ஆகாது!

மூன்றாவது, கை நீட்டக் கூடாது. "கண் ரெண்டை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று சொல்லிப் பிள்ளையை விட்டுவிட்டுப் போன காலம் மலையேறிவிட்டது. இல்லத்தில் ஒழுங்குபடுத்துவதற்கு என்று அடித்தாலே முதல் முறை 10,000 ரூபாய் அபராதம். மறுபடியும் அடித்தால் 3 மாதம் வரை சிறை. வேலையும் போகும், பிள்ளைகளோடு பழகும் வேறு வேலைக்கும் போக முடியாது. கொடுமைப்படுத்தியவர் அந்த இல்லத்தின் ஊழியராகவோ நிர்வாகியாகவோ இருந்தால் 5 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் வரை அபராதம். வெளியாள் செய்தால் 3 ஆண்டு, உள்ளே இருப்பவர் செய்தால் 5 ஆண்டு! ஏன் இந்த வித்தியாசம்? நம்பி ஒப்படைத்தவனை ஏமாற்றிய குற்றமும் சேர்ந்துவிடுகிறது. அமானிதம் என்றால் என்னவென்று நமக்கா சொல்லித்தர வேண்டும்?

நான்காவது, வாயைத் திறக்க வேண்டும். போக்சோ சட்டம் 2012இன் 19ஆம் பிரிவு, ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்று தெரிந்தவர் எவராயினும் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் 6 மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். "தலைவரிடம் சொல்லிவிட்டேன்", "செயலாளர் பார்த்துக்கொள்கிறேன் என்றார்" என்ற பதில் நீதிமன்றத்தில் செல்லாது. கூட்டிப் பெருக்கும் அம்மா பார்த்திருந்தாலும் அவருக்கும் இந்தக் கடமை உண்டு. அதற்காக அவரை வேலையை விட்டு அனுப்புகிற நிர்வாகம், குற்றவாளிக்குக் காவல் நிற்கிறது என்றுதான் பொருள்.

ஐந்தாவது, இடமும் ஆளும் போதுமானதாக இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் 25 பிள்ளைகள் படுக்கும் கூடத்துக்கு 1,000 சதுர அடி கேட்கின்றன. பொறுப்பாளர் எந்நேரமும் கூப்பிட்ட குரலுக்கு வரும்படி வளாகத்திலேயே இருக்க வேண்டும் என்கின்றன. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கோப்பு வேண்டும். பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போட ஒரு பெட்டி வேண்டும். பெட்டியின் சாவி யார் கையில் என்று அவசியம் கேளுங்கள். அடிக்கிறவர் கையிலேயே சாவி இருந்தால் அந்தப் பெட்டியில் எந்தப் பிள்ளை எழுதிப் போடும்?

சமுதாயத்தின் மானமா, பிள்ளையின் உயிரா?

இதையெல்லாம் பேசத் தொடங்கினால் உடனே ஒரு குரல் எழும்: "நம் குறையை நாமே வெளியில் சொல்லலாமா? சமுதாயத்தின் மானம் போகாதா? ஏற்கெனவே நம் மீது பாயக் காத்திருக்கிறார்களே!"

இந்த வாதத்தை முழுமையாகப் பார்த்துவிடுவோம். பாயக் காத்திருக்கிறார்கள் என்பது உண்மை. 2014 மே மாதம் பாலக்காடு ரயில் நிலையத்தில், பீகார், ஜார்க்கண்டு பகுதிகளிலிருந்து கேரளத்து முஸ்லிம் அநாதை நிலையங்களுக்கு வந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இறக்கி நிறுத்தப்பட்டார்கள். "குழந்தைக் கடத்தல்" என்று நாடெங்கும் கூச்சல்! ஆண்டுக்கணக்கில் விசாரணை. கடைசியில் 2019இல், அந்தப் பிள்ளைகள் இலவசக் கல்விக்காகவே பெற்றோர் சம்மதத்தோடு போனார்கள், கடத்தல் இல்லை என்று பீகார் அரசே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. ஆனால் அதற்குள் நம் மீது பூசப்பட்ட சேற்றை யார் துடைத்தார்கள்?

இதிலிருந்து படிக்க வேண்டிய பாடம் என்ன? "அதிகாரிகளை உள்ளே விடாதே" என்பதா? நேர் எதிர்! ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரின் ஒப்புதல் கடிதம், அந்த மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல், கூட வரும் பெரியவரின் பெயர், முகவரி என்று ஒரு கோப்பு அன்றைக்கே தயாராக இருந்திருந்தால், ரயிலடியிலேயே கோப்பை விரித்து அவதூறு பரப்பியவர் வாயை அடைத்திருக்கலாம். வருமான வரி அதிகாரி கடைக்கு வந்தால் எந்த வியாபாரி பயப்படுவார்? கணக்கு எழுதாதவர்தானே!

மறைத்தால் மானம் நிற்கும் என்று நினைப்பவர்கள் பீகார் மாநிலம் முஸாபர்பூரையும் பார்க்கட்டும். ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய சிறுமியர் இல்லம். அரசுப் பணத்தில் நடந்தது. அதிகாரிகள் அவ்வப்போது வந்து பார்த்து, "எல்லாம் நலம்" என்று எழுதிவிட்டுப் போனார்கள். 2018இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் குழு ஒன்று பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசியபோதுதான் அங்கே நடந்த அக்கிரமம் வெளியில் வந்தது. 30க்கும் மேற்பட்ட சிறுமிகள் சீரழிக்கப்பட்டிருந்தார்கள்! 2020 ஜனவரியில் டெல்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்றது. இல்லத்தை நடத்தியவருக்குச் சாகும்வரை சிறை. அந்த 19 பேரில் அங்கே வேலை பார்த்த பெண்கள் இருந்தார்கள். பிள்ளைகளைக் காக்க வேண்டிய குழந்தைகள் நலக் குழுவின் ஆட்களே இருந்தார்கள்! தெரிந்தும் புகார் செய்யத் தவறியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஓர் அதிகாரியும் இருந்தார். அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்ததால் யாருடைய மானம் காப்பாற்றப்பட்டது?

இன்னொரு குரலும் உண்டு: "இந்தச் சட்டமே நம் யதீம்கானாக்களை இழுத்து மூடத்தான் வந்திருக்கிறது." சட்டத்தைச் சாக்காக வைத்து ஒரு நிறுவனத்தைப் பழிவாங்கினால் எதிர்ப்போம், நீதிமன்றம் போவோம், தெருவிலும் இறங்குவோம். ஆனால் பிள்ளையை அடிக்காதே, பட்டினி போடாதே, வேலைக்காரனைப் பற்றி விசாரி, கணக்கை எழுதி வை என்று சொல்கிற விதியில் எந்த வரி நம் மார்க்கத்துக்கு எதிரானது? காட்டுங்கள் பார்ப்போம்! பிறக்கும் முன்பே தந்தையை இழந்து, 6 வயதில் தாயை இழந்து, 8 வயதில் பாட்டனாரையும் இழந்து, பெரிய தந்தை அபூதாலிபின் நிழலில் வளர்ந்த யதீம்தான் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். யதீமைப் பற்றி நமக்கு இந்தச் சட்டம் ஒன்றும் புதிதாகச் சொல்லிவிடவில்லை. நாம் மறந்ததை நினைவூட்டுகிறது, அவ்வளவுதான்.

அரசாங்கத்தையும் விடப் போவதில்லை. 3 மாதத்துக்கு ஒரு முறையாவது ஆய்வுக் குழு ஒவ்வொரு இல்லத்தையும் பார்வையிட வேண்டும், குழுவில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் இருக்க வேண்டும் என்று அவர்கள் போட்ட சட்டமே சொல்கிறது. 2021இல் சட்டத்தைத் திருத்தி, கலெக்டரின் தலையில் இந்தப் பொறுப்பை வைத்தார்கள். அது 2022 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. நாகர்கோவிலில் இருக்கும் கலெக்டர் அலுவலகத்தைக் கேட்கிறோம்: குமரி மாவட்டத்தில் பதிவு பெற்ற இல்லங்களின் பட்டியலை ஊராட்சிதோறும், ஜமாஅத்துதோறும், பங்குதோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் என்ன? கடைசியாக எந்தத் தேதியில் ஆய்வு நடந்தது என்றும் எழுதி ஒட்டினால் என்ன? ரேஷன் கடையில் இருப்புப் பலகை வைக்கச் சொல்கிற அரசாங்கம், பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் ஏன் கோப்பை மூடி வைக்க வேண்டும்?

அதே நேரத்தில் ஊழியர் பக்கத்தையும் பாருங்கள். பகலில் பாடம் நடத்துபவரே இரவில் காவலும் காக்க வேண்டும், காய்ச்சல் வந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்கும் தூக்கிப் போக வேண்டும், வசூலுக்கும் அலைய வேண்டும் என்றால் அவர் மனிதரா, இயந்திரமா? அவர் கண் அசந்த நேரத்தில் ஒரு விபரீதம் நடந்தால் ஊர் கூடி அவரை மட்டும் தூற்றும். மூன்று மாடிக்குச் சலவைக்கல் பதிக்கப் பணம் இருக்கிறது, இரண்டாவது இரவுக் காவலருக்குச் சம்பளம் கொடுக்க இல்லையா? இதற்குப் பொறுப்பு நிர்வாகிதான். கல்லுக்குக் கொடுத்து ஆளுக்குக் கொடுக்காத கொடையாளிக்கும் அதில் பங்கு உண்டு.

கேளுங்கள்! கேட்டுவிட்டுக் கொடுங்கள்!

2016இல் இனயத்தில் பெரிய துறைமுகம் வருகிறது என்று மத்திய அமைச்சரவை முடிவெடுத்தபோது இந்தக் கரை என்ன செய்தது? "பெரியவர்கள் சொல்கிறார்கள், நல்லதற்குத்தான் இருக்கும்" என்று வாய் பொத்தி நின்றதா? எங்கள் கடல் என்ன ஆகும், எங்கள் வீடு என்ன ஆகும், எங்கள் பிழைப்பு என்ன ஆகும் என்று மீனவ மக்கள் திரண்டு நின்று டெல்லியையே கேட்டார்கள். அந்த மண்ணில் பிறந்த நாம், நான்கு தெரு தள்ளி இருக்கும் ஒரு விடுதியின் நிர்வாகியிடம் நான்கு கேள்வி கேட்கக் கூசலாமா?

2004 சுனாமியும் 2017 ஒக்கிப் புயலும் நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் தகப்பன் இல்லாமல் ஆக்கிவிட்டுப் போயின. வளைகுடாவுக்குப் போன வாப்பா ஆண்டுக்கணக்கில் திரும்பாத வீடுகளும் உண்டு. வறுமையால் பிள்ளையை விடுதியில் சேர்க்கும் உம்மாவுக்குக் கேள்வி கேட்கத் தெம்பு இருக்காது. "கேட்டால் பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ" என்று பயப்படுவார். அவருக்காகக் கேட்க வேண்டியது நீங்கள்.

வியாபாரிகளே! அடுத்த ரசீதில் கையெழுத்து வாங்குமுன் இவற்றைக் கேளுங்கள். பதிவுச் சான்றிதழின் நகல் எங்கே? எத்தனை பிள்ளைகள், எத்தனை ஊழியர்கள், இரவில் எத்தனை பேர்? ஒவ்வொரு ஊழியருக்கும் போலீஸ் சரிபார்ப்பு முடிந்ததா, எந்தத் தேதியில்? "பிள்ளைகளை அடிக்க மாட்டேன், கொடுமை நடந்தால் மறைக்காமல் போலீஸுக்குத் தெரிவிப்பேன்" என்று எழுதி ஒவ்வொரு ஊழியரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறீர்களா? கடைசியாக எந்தப் பிள்ளை, எதற்காக வீட்டுக்குத் திரும்பிப் போனான்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். ஓடிப்போன பிள்ளைகளைப் பற்றிப் பேச மறுக்கும் இடத்தில் ஏதோ இருக்கிறது.

நல்ல நிர்வாகி இதற்குக் கோபப்பட மாட்டார். "இப்படிக் கேட்க ஆள் இல்லையே என்றுதான் கவலைப்பட்டேன்" என்பார். அப்படிப்பட்டவருக்கு இரண்டு மடங்காகக் கொடுங்கள். இரவுக் காவலரின் ஓராண்டுச் சம்பளத்தை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். கோபப்படுகிறவருக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

இளைஞர்களே! சுவரொட்டி ஒட்டவும் கூட்டத்துக்கு நாற்காலி போடவும் மட்டும் பிறந்தவர்கள் அல்ல நீங்கள். ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு பெண் உட்பட மூன்று பேர் கொண்ட குழு அமைக்க ஜமாஅத்தை வற்புறுத்துங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் எந்தெந்த ஊரில், எந்தெந்த விடுதியில் தங்கியிருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நிர்வாகத்திடம் முறையாக அனுமதி கேட்டு, பெற்றோரையும் அழைத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். சமையலறையைப் பாருங்கள், கழிவறையைப் பாருங்கள், படுக்கும் இடத்தைப் பாருங்கள். பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். பேசாத பிள்ளையை இன்னும் கவனமாகப் பாருங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 என்பதைப் பள்ளிவாசல் பலகையிலும் மத்ரஸா சுவரிலும் எழுதி வையுங்கள். விபரீதம் தெரிந்தால் பஞ்சாயத்து பேசாதீர்கள், போலீஸுக்குச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரை மட்டும் எங்கேயும் வெளியிடாதீர்கள். அது சட்டப்படியும் குற்றம், மனசாட்சிப்படியும் குற்றம்.

விடுதிகளில் வேலை பார்க்கும் உஸ்தாதுகளே, வார்டன்களே, சமையல்கார அம்மாக்களே! உங்கள் கையில் இருப்பது ஒரு குடும்பத்தின் கடைசி நம்பிக்கை. ஆள் போதவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். தவறு நடப்பதைக் கண்டால் அன்றைக்கே சொல்லுங்கள். அதற்காக உங்கள் வேலை போனால் அந்த மஹல்லா உங்கள் பின்னால் நிற்க வேண்டும். நிற்காத ஜமாஅத்துக்கு யதீம்களைப் பற்றி ஜும்ஆவில் பயான் செய்யும் அருகதை கிடையாது.

அடுத்த ரமளானில் ரசீதுப் புத்தகம் மறுபடியும் உங்கள் கடை வாசலுக்கு வரும். அன்றைக்கு உங்கள் கை பணப்பெட்டிக்குப் போகும் முன் உங்கள் வாய் கேள்வி கேட்கட்டும். கொடுத்த பணத்துக்கு மட்டுமல்ல, கேட்காமல் விட்ட கேள்விக்கும் மறுமையில் கணக்கு உண்டு.